எட்டுப் பேருக்கு ஒரே பான் எண்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. நான் ஓய்வு பெற்று இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை, குழுவிலிருந்து என்னை யாரும் எடுக்கவும் இல்லை. "மேடம், நம்ம கணக்கு சாஃப்ட்வேரோட புது வெர்ஷன் முழுக்க ஆன்லைன். சம்பளம் போடும்போது சிவப்புல எச்சரிக்கை வந்தா, கீழயே ஸ்கிப்னு ஒரு பட்டன் வச்சிக்கீறாங்க. கிளையன்ட் அவசரப்படுத்தினா அமுக்கிடலாமா?" கேட்டது நல்ல பெண், வேலையில் கெட்டிக்காரி. எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. 'அமுக்கினால் கையை முறிப்பேன்' என்று தட்டி, அனுப்பாமல் அழித்தேன். அந்தக் கோபம் அவள் மேல் இல்லை. யார் மேல் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி. பதினோரு பேர். சின்ன வியாபாரிகளுக்காக நாங்களே எழுதிய கணக்கு சாஃப்ட்வேர் ஒன்றை விற்றோம். சித்தூர், திருப்பதி, பலமனேர் என்று லாட்ஜ், பால் பண்ணை, மாம்பழக் கூழ் ஆலை, அரிசி மில் எல்லாம் எங்கள் வாடிக்கையாளர்கள். டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன், முப்பத்தொரு வருடம் கழித்து சப்போர்ட் பிரிவின் தலைவியாக ஓய்வு பெற்றேன். நடுவில் கற்றதையெல்லாம் எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் என்று மூன்றிலும் அரைகுறையாகத் தொடங்கினேன் என்பது போதும். என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர். எனக்கு முதல் மாதம் சம்பளச் சீட்டு வந்தபோது அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னாத்துக்குப் புடிச்சிக்கீறான்?" என்று கேட்டார். வாழ்க்கை முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சப்போர்ட் என்றால் என்னென்னவோ வரும். என்னிடம் வந்ததெல்லாம் பெரும்பாலும் சம்பளப் பிடித்தம். மாதச் சம்பளக்காரரின் வருமான வரியை முதலாளியே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். யார் கணக்கில் கட்டினார் என்பதைச் சொல்வது பான் எண். சாஃப்ட்வேர் இதைச் சரியாகக் கணக்குப் போடும், நாம் சரியாகச் சொன்னால். அந்த 'நாம் சரியாகச் சொன்னால்' என்பதில்தான் என் முப்பத்தொரு வருடச் சோறு இருந்தது.

என் மேலதிகாரி சலபதி சார். தெலுங்குக்காரர், ஒல்லி, பேச்சு மெல்ல வரும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். மவுஸைத் தொட்டதை நான் பார்த்ததே இல்லை. "தொட்டால் எல்லாம் எனக்கே தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்" என்பார். அவருக்கு இரண்டு சட்டம். முதலாவது, நீளமான கணக்கு நோட்டு. இடது பக்கம் வாடிக்கையாளர் சொன்னதை அவர் வாயில் வந்தபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது, திட்டினால் திட்டையும் எழுத வேண்டும். வலது பக்கம் நாம் என்ன செய்தோம். அடியில் கையெழுத்து. இதை எழுதி முடிக்காமல் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. இரண்டாவது, "ஒக்க மனிஷி, ஒக்க நெல." ஒரு ஆள், ஒரு மாதம். நூறு பேர் சம்பளமும் தப்பு என்று கத்தினாலும், அதில் ஒருவரை எடு, ஒரு மாதத்தை எடு, காகிதத்தில் கையால் கணக்குப் போடு, பிறகு திரையைப் பார். இரண்டும் எந்த வரியில் பிரிகிறதோ அங்கே தப்பு இருக்கிறது.

இந்த இரண்டு சட்டத்தை வைத்துக்கொண்டு நான் கண்டுபிடித்த வேடிக்கைகள் கொஞ்சமா? அலிபிரி போகிற வழியில் ஒரு லாட்ஜ். அங்கே பாதிப் பேர் அரக்கோணம், திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர்கள். அவர்கள் சம்பளத்தில் தொழில் வரி இரண்டு தரம் போய்க்கொண்டிருந்தது. ஆந்திராவுக்கு மாதா மாதம், தமிழ்நாட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம். வேலை செய்கிற இடத்தைக் கேட்ட கட்டத்தில் கிளார்க் வீட்டு முகவரியையும் சேர்த்து ஏற்றியிருந்தார். அந்தக் கிளார்க்கே அரக்கோணத்துக்காரர். தன் சம்பளத்திலும் இரண்டு அரசாங்கத்துக்கும் ஒழுங்காகக் கப்பம் கட்டியிருந்தார், பாவம். "ரெண்டு ஸ்டேட்லயும் கால வச்சிக்கினு கீறோமே, ரெண்டு பேருக்கும் குடுக்கணும் இல்ல?" என்று என்னையே கேட்டார். சிரித்து வயிறு வலித்தது. பலமனேரில் ஒரு பால் பண்ணை முதலாளி, தன்னையும் ஊழியராகச் சேர்த்துக்கொண்டு, தனக்கே பொங்கல் அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டு, தனக்கே வரியும் பிடித்துக்கொண்டு, என்னை போனில் திட்டித் தீர்த்தார். எல்லாம் நோட்டில் இருக்கிறது, திட்டு உட்பட.

இப்படிப் பெயர் வாங்கிக்கொண்டே போனதில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மறைப்பானேன். ஒரு நாளில் எத்தனை அழைப்பை முடித்தோம் என்று சுவரில் ஒரு வெள்ளைப் பலகை வைத்தார்கள், என் பெயர்தான் எப்போதும் மேலே இருக்கும். வலது பக்கத்தில் 'முடிந்தது' என்று எழுதும்போது ஒரு ருசி இருக்கும். அந்த ருசிக்கு நான் அடிமையாகிவிட்டேன்.

ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தபோது ஒரு நாள் மத்தியானம், ஒரு பெண் மாடியேறி வந்தாள். நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் உறை, அதில் காகிதங்கள். மாடிக்கு வருகிறவர்கள் எல்லாம் முதலாளியோ கிளார்க்கோதான். கூலி வாங்குகிற ஆள் எவரும் அதற்கு முன் வந்ததில்லை.

"இன்னாம்மா வேணும்?"

"மேடம், இந்தச் சீட்டுக்கு அடியில உங்க கம்பெனி பேரும் போன் நம்பரும் போட்டுக்கீது. அதான் தேடிக்கினு வந்தேன்." சம்பளச் சீட்டை நீட்டினாள். பெயர் லோகநாயகி. சித்தூர் தாண்டி ஒரு அட்டைப் பெட்டி ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர். அவள் ஊர் எல்லைப் பக்கத்துத் தமிழ்க் கிராமம், நான் பிறந்த ஊருக்கு ஏழெட்டு மைல்தான்.

"நீங்க எங்க கிளையன்ட் இல்லியேம்மா. உங்க ஆபீஸ்ல கேளுங்க."

"கேட்டேன். சச்சிவாலயத்துல கேளுன்னாங்க. அங்க போனா ஆஸ்பத்திரியில கேளுன்னாங்க. ஆஸ்பத்திரியில வருமான வரி ஆபீஸ்ல கேளுன்னாங்க. ஏழு மாசமா சுத்திக்கினு கீறேன் மேடம். இனிமே கேக்கறதுக்கு ஆபீஸ் இல்ல."

சலபதி சார் என் பின்னால் வந்து நின்றதை அப்போதுதான் கவனித்தேன். "ராயம்மா" என்றார். எழுது என்று அர்த்தம். கிளையன்ட் இல்லை சார் என்றேன். "மன பேரு உந்தி கதா" என்று சீட்டின் அடியைக் காட்டினார். நம் பெயர் இருக்கிறதே. நோட்டைத் திறந்தேன்.

அவள் சொன்னது இதுதான். அவள் புருஷனுக்கு இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது. திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய வேண்டும், லட்சக்கணக்கில் செலவு. ஏழைக் குடும்பத்துக்கு அரசுக் காப்பீட்டு அட்டையில் இலவசம். ஆனால் இவர்கள் அட்டை செல்லாது என்று கம்ப்யூட்டர் காட்டுகிறது, வீட்டில் வருமான வரி கட்டுகிற ஆள் இருக்கிறாராம். கடைசியில் சச்சிவாலயத்தில், அதாவது ஆந்திராவில் ஊருக்கு ஊர் இருக்கிற அரசு அலுவலகத்தில், ஒரு புண்ணியவான் இவளுடைய பான் எண்ணைப் போட்டு ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் லோகநாயகியின் வருடச் சம்பளம் பத்தொன்பது லட்சத்துச் சொச்சம்.

"மாசம் எவ்ளோம்மா வாங்கறீங்க?"

"இருபதாயிரம். அதுலயும் ரெண்டாயிரத்து அறுநூறு புடிச்சிக்கிறாங்க."

"இருபதாயிரம் சம்பளத்துக்கு வரியே கெடையாதும்மா! இத்தன மாசம் ஏன் கேக்கல?"

"எங்க ஊர்லருந்து எட்டு பொம்பளைங்க அங்க வேல செய்றோம். எட்டு பேருக்கும் ஒரே மாதிரி புடிச்சாங்க. ஒருத்திக்கு மட்டும் புடிச்சா சண்ட போட்டிருப்பேன். எல்லாருக்கும்னா சட்டம்னுதானே நெனப்போம்?"

டாக்டர் இந்த மாதத்துக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் இதயம் தாங்காது என்று நேராகவே சொல்லிவிட்டாராம்.

ஒரு ஆள், ஒரு மாதம். காகிதத்தை எடுத்தேன். வருடத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். எந்த விதத்தில் போட்டாலும் வரி பூஜ்யம். ஃபேக்டரி கம்ப்யூட்டரை இங்கிருந்தே திறந்து பார்த்தேன். மற்றக் கட்டங்கள் எல்லாம் சரி. 'இதே பான் எண்ணில் பிற வருமானம்' என்ற வரியில் பதினாறு லட்சத்து எண்பதாயிரம் நின்றது. அதை ஏழால் வகுக்கவோ பெருக்கவோ வேண்டியதில்லை, பார்த்ததுமே புரிந்தது. இன்னும் ஏழு பேருடைய சம்பளம். எட்டுப் பேருக்கும் ஒரே பான் எண் ஏற்றப்பட்டிருந்தது. சாஃப்ட்வேர் எட்டுப் பேரையும் ஒரே ஆள் என்று எண்ணி, பத்தொன்பது லட்சத்துக்கு வரி போட்டு, அதை எட்டாகப் பிரித்துப் பிடித்திருந்தது. அரசாங்கக் கணக்கில் அத்தனையும் லோகநாயகி பெயரில் போய் உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, உன் பான் நம்பர மத்தவங்களுக்குக் குடுத்தியா?"

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. "குடுத்தேன். அவளுங்களுக்குப் பான் கெடையாது. பான் இல்லன்னா சம்பளம் ஏறாதுன்னு கிளார்க் சொன்னாரு. என் நம்பரயே போடுங்க சார்னு சொன்னேன். ரூம் வாடகை என் பேர்ல, வேன் என் பேர்ல, போன் நம்பர் எல்லாத்துக்கும் என்னுது. இதுக்கு மட்டும் இன்னா?"

இதை வெளியூர்க்காரர் கேட்டால் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஊரிலிருந்து முதலில் வேலைக்குப் போனவர், பின்னால் வருகிறவர்களுக்கு எல்லாமே ஆகிவிடுவார். அவர் பெயரில்தான் சிம், அவர் பெயரில்தான் காஸ், அவர் சொன்னால்தான் கடையில் அரிசி. பெயரைக் கொடுப்பது உதவி. அதில் ஒரு நம்பர் மட்டும் ஒருவருக்கு ஒன்றுதான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஆனால் சாஃப்ட்வேர் சொல்லியிருக்க வேண்டுமே? ஒரே பான் எண் இரண்டாம் தரம் ஏறினால் சிவப்புப் பெட்டி வந்து மணியடிக்கும். அதை நாங்கள்தான் எழுதி வைத்தோம். இங்கே ஏன் அடிக்கவில்லை? சாஃப்ட்வேரின் செட்டிங்ஸைத் திறந்தேன். எச்சரிக்கை அணைக்கப்பட்டிருந்தது. அணைத்த நாளும் அங்கேயே இருந்தது.

சலபதி சார் அலமாரிக்குப் போய், அந்த மாதத்து நோட்டை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். இடது பக்கம், அந்த ஃபேக்டரி கிளார்க் பிரசாத் சொன்னது: 'ஒரே நம்பர், ஒரே நம்பர்னு கத்திக்கினே கீது மேடம், சம்பள நேரத்துல உயிர வாங்குது, மொதல்ல நிறுத்துங்க.' வலது பக்கம்: 'எச்சரிக்கை நிறுத்தப்பட்டது. நான்கு நிமிடம். முடிந்தது.' அடியில் கையெழுத்து.

"ஈ சந்தகம் நீதேனாம்மா?" என்று கேட்டார். இந்தக் கையெழுத்து உன்னுடையதுதானா?

என்னுடையதுதான். அன்றைக்கு அந்தப் பலகையில் நான் முதலிடம். ஏன் ஒரே நம்பர் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. மணி அடிக்கிறது என்றார்கள், மணியை நிறுத்தினேன். வெட்கமாக இருந்தது. லோகநாயகி எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெலுங்கு அவளுக்குத் தெரியும், ஆனால் எந்தக் கையெழுத்து, எதற்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நானும் சொல்லவில்லை. "முடிச்சுக் குடுக்கறேம்மா, போய் அவரப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன்.

அவள் போனதும் சார் சொன்னார், திட்டாமல், அதே மெல்லிய குரலில்: "கம்பெனி லெட்டர்ஹெட்ல எழுது. தப்பு நம்மளுது. என்ன செஞ்சோம்னு பூராவும் எழுது. நானும் கையெழுத்துப் போடறேன்." அப்படி எழுதிக் கொடுத்தால் வாடிக்கையாளர் நம் மேலேயே கேஸ் போடுவாரே சார் என்றேன். "போடட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு முதுகு நிமிர்ந்தது. இதை முடிக்காமல் ஓய்வு பெறுவதில்லை என்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து தீர்மானித்தேன்.

மூன்று வேலை இருந்தது. ஏழு பெண்களுக்கும் சொந்தமாகப் பான் எண். அந்த எண்களை வைத்துத் திருத்திய வரிக் கணக்கு. அதன் ரசீதை வைத்துச் சச்சிவாலயத்தில் மனு. ஒன்று முடியாமல் மற்றொன்று நகராது.

ஆதார் இருந்தால் பான் எண்ணை இணையத்தில் இலவசமாக உடனே எடுக்கலாம். ஆதாரில் சேர்த்திருக்கும் போனுக்கு ரகசிய எண் வரும், அதைச் சொன்னால் போதும். மறுநாள் காலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். ஏழு பேரும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். முதல் பெண்ணின் ஆதாரைப் போட்டேன்.

"போன்ல நம்பர் வந்திருக்கும், பாரும்மா."

"என்கிட்ட போன் கீது மேடம். ஆனா ஆதார்ல குடுத்தது லோகா அக்கா நம்பரு."

"அடுத்தவங்க?"

"எனக்கும் அக்கா நம்பர்தான்."

ஏழு பேருக்கும் அக்கா நம்பர். தலையில் அடித்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது, இது நல்லதுக்குத்தான் என்று. ஏழு போனைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஒன்று போதும். அந்த ஒரு போன் திருப்பதி ஆஸ்பத்திரியில் புருஷன் கட்டில் பக்கத்தில் இருந்தது. கூப்பிட்டேன். வார்டில் சிக்னல் இல்லை என்று மாடிப்படி ஜன்னலோரம் வந்து நின்றாள். நான் இங்கே ஒவ்வொருவராக ஏற்ற, அவள் அங்கே ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். நாலு, ஒண்ணு, ஏழு, பூஜ்யம் என்று அவள் குரல் மூச்சிரைக்க வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரு நர்ஸ் அவளை விரட்டுவதும் கேட்டது. "இரு சிஸ்டர், ஏழு பொண்ணுங்களுக்குப் பேரு வச்சிக்கினு கீறேன்" என்றாள். இங்கே எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

ஆறு பேருக்கு வந்துவிட்டது. ஏழாவது, முனியம்மா. ஆதாரில் பிறந்த வருடம் மட்டும்தான் இருந்தது, தேதி இல்லை. தேதி இல்லாமல் எண் கிடைக்காது. பள்ளிச் சான்றிதழ் எங்கே என்றால், மூன்றாவதோடு நின்ற பள்ளிக்கூடம். அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், பழைய பதிவேட்டைப் புரட்ட வைத்து, சான்றிதழ் வாங்கி, ஆதார் மையத்தில் வரிசையில் நின்று திருத்தி, பான் எடுக்க ஐந்து நாள் ஆயிற்று. எண் வந்ததும் முனியம்மா திரையைக் காட்டச் சொன்னாள். "இதுல எங்க நைனா பேரு போட்டுக்கீது" என்றாள். ரேஷன் கார்டில், ஓட்டர் கார்டில் எல்லாம் புருஷன் பெயர்தான். விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்தது ஃபேக்டரி முதலாளி. லோகநாயகியை வேலையை விட்டு நிறுத்தத் தாக்கீது தயாராக வைத்திருந்தார்.

"இது ஃப்ராடு மேடம். நம்பர் தந்தது அந்தம்மா. நான் எதுக்குத் திருத்திக் கணக்குக் குடுக்கணும்? அபராதம் வந்தா யாரு கட்டறது?"

எங்கள் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். "படிங்க சார். மணிய நிறுத்தினது நான். நிறுத்தச் சொன்னது உங்க கிளார்க். எட்டு ஆதார வாங்கி வச்சிக்கினு ஒரே பான் ஏத்தினது உங்க ஆபீஸ். படிச்ச நாம மூணு பேரும் தப்பு செஞ்சிட்டு, அந்தம்மாவ வீட்டுக்கு அனுப்புவீங்களா? அபராதம்னா எங்க கம்பெனிக்கு பில் அனுப்புங்க. அனுப்பலன்னா நான் கோவிச்சிக்குவேன்."

அவர் இரண்டு தரம் படித்தார். தாக்கீதை மேஜை டிராயருக்குள் தள்ளினார். "சரி. ஆனா டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆடிட்டர்கிட்ட கீது" என்றார். பென் டிரைவ் மாதிரி இருக்கும் அது இல்லாமல் திருத்திய கணக்கு ஏறாது. சின்னக் கம்பெனிகள் எல்லாம் அதை ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

ஆடிட்டருக்குப் போன் போட்டால் அவர் மனைவி எடுத்தார். வேண்டுதலாம், அலிபிரியிலிருந்து மலைக்கு நடந்து போகப் போயிருக்கிறாராம், போனை வீட்டிலேயே வைத்துவிட்டாராம். டோக்கன்? "எல்லா டோக்கனும் அவர் பையிலதான் இருக்கும், பிரியவே மாட்டார்." ஆட்டோ பிடித்து அலிபிரிக்கு ஓடினேன். அதற்குள் அவர் பையை லக்கேஜ் கவுன்டரில் போட்டுவிட்டு ஏறத் தொடங்கிவிட்டார். அங்கே போட்ட பை வண்டியில் மேலே போய்விடும், நடந்து வருகிறவர் மேலே வாங்கிக்கொள்வார். எனக்கு மூட்டு வலி, படியேற முடியாது. பஸ்ஸில் ஏறித் திருமலைக்குப் போய், பை வந்து சேருகிற கவுன்டர் எதிரில் உட்கார்ந்தேன். மடியில் கணினி, பக்கத்தில் புளியோதரைப் பொட்டலம். மூன்றரை மணி நேரம்.

ஆடிட்டர் வியர்த்து விறுவிறுத்து வந்தார், என்னைப் பார்த்து நின்றுவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்னம்மா, தரிசனம் முடிச்சிட்டு வந்துடறேன்."

"சாமி எங்கயும் போகமாட்டாரு சார். அந்தாளு போயிடுவாரு. கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் போங்க."

அவர் கவுன்டர் பக்கம் திரும்பினார். பையை வாங்கி, கீழே உட்கார்ந்து, டோக்கனைச் செருகி, கடவுச்சொல்லைப் போட்டார். எட்டுப் பெயர், எட்டு எண். திருத்திய கணக்கு ஏறி ரசீது வந்தது. அதை அங்கேயே போனிலிருந்து சச்சிவாலயத்துக்கு அனுப்பினேன், எங்கள் கடிதத்தோடு. ஆடிட்டர் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, "வாங்கம்மா, வந்ததுதான் வந்தீங்க, சேர்ந்தே தரிசனம் பண்ணலாம்" என்றார். கடைசி பஸ் போய்விடும் என்று நான் இறங்கி வந்துவிட்டேன்.

அரசாங்கக் கணக்கில் திருத்தம் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை காத்திருந்தால் ஆள் இருக்கமாட்டார். ஆகவே அடுத்த ஆறு நாள் தினமும் ஒரு அலுவலகத்தில் போய் நின்றேன். ஒரு அதிகாரி, "நீங்க அவங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். "தப்பு செஞ்சவ" என்றேன். அவர் கடிதத்தை மறுபடி வாசித்துவிட்டு, மேலே சிபாரிசு எழுதினார். ஏழாம் நாள் அட்டை செல்லும் என்று வந்தது. மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது ஆபரேஷன் நடந்தது.

மூன்று மாதம் கழித்து லோகநாயகி புருஷனோடு எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். அவர் இரண்டு மாடியும் தானே ஏறி வந்தார், நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நின்றாராம். ஒரு பை நிறைய மல்லிகை மொட்டு கொண்டு வந்திருந்தாள். மேஜையில் வைத்துவிட்டு, "நீங்க இல்லன்னா..." என்று ஆரம்பித்தாள். என்னால் கேட்க முடியவில்லை. அந்தக் கடிதம் முதலாளிக்கும் அதிகாரிக்கும் போனது, அவளுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

"லோகா, நிறுத்து. அந்தச் சாஃப்ட்வேர் மொதல் நாளே மணியடிச்சிருக்கும். அத நிறுத்தினது நான். உன் பேர்ல பத்தொம்பது லட்சம் ஏறினது என்னாலதான்."

அவள் புருஷன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூப் பையின் காதை இழுத்து முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள்.

"ஏழு மாசம் மேடம்" என்றாள். "ராத்திரில படுக்க முடியாது அவரால. செவுத்துல சாஞ்சிக்கினு உக்காந்தே கெடப்பாரு. நான் எதுருல உக்காந்துக்கினு மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கினே இருப்பேன். ஏழு மாசம்."

அப்புறம் எழுந்தாள். "வரேன் மேடம்" என்றாள். பூவை எடுத்துக்கொண்டு போகவில்லை. படியிறங்கும்போது அவர் கையை அவள் பிடித்துக்கொள்ள, அவர் வேண்டாம் என்று விலக்குவது தெரிந்தது.

சலபதி சார் அன்று லீவு. யாரும் சொல்லாமலே நான் நோட்டைத் திறந்தேன். இடது பக்கத்தில் அவள் சொன்னதை, அவள் வாயில் வந்தபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதினேன். வலது பக்கத்துக்குப் பேனாவைக் கொண்டு போனேன். இத்தனை வருடமாக எழுதிய 'முடிந்தது' என்ற வார்த்தை கைக்கு வந்தது, எழுத முடியவில்லை. அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டு, அடியில் கையெழுத்து மட்டும் போட்டேன்.